யோகம் அக்காவும் கோப்பிக்கடைப் பெண்ணும்

செவ்வாய்க்கிழமை லண்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது ஹரோவிலிருந்து சபேசன் அண்ணை அழைத்தார். "அக்கா போயிட்டா. ஜன்னலடிக் கதிரையில இருந்தபடியே..." அவருடைய மூத்த அக்காவும், பதினொரு வருடம் என்னோடு அதே சமையலறையில் வேலை செய்தவருமான யோகம் அக்கா காலமாகிவிட்டார்.

அவர் திருமணம் செய்யவில்லை. ஈஸ்ட் ஹாமில், நகரசபைக் கவுன்சில் கொடுத்த ஓர் அறை வீட்டில் தனியே வாழ்ந்தார். அது எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் பொறுக்கவில்லை! ஞாயிறு தவறாமல் கறியோடு போய்க் கதவைத் தட்டுகிறவர்களில் முதல் ஆள் நான். சிரித்தபடி வாங்கிக்கொண்டு, நான் எழும்பும்வரை மணிக்கூட்டைப் பார்ப்பார். எனக்கு அது உறைக்கவேயில்லை.

அவர் ஓய்வுபெற்றதும் தம்பியார் சபேசன் அண்ணை தன் ஹரோ வீட்டில் அவருக்காக ஓர் அறைக்குப் பெயின்ட் அடித்தார். ஈஸ்ட் ஹாம் வீட்டைக் கவுன்சிலிடம் திருப்பிக் கொடுக்கும் கடிதத்தில் அக்காவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"வைக்கிறன். முதல்ல ரெண்டு பேரும் என்னோட ஒரு ஓவியக் கண்காட்சிக்கு வாங்கோ," என்றார் அக்கா, தம்பியையும் என்னையும் பார்த்து.

தேம்ஸ் கரையில் பெரிய கலைக்கூடம். சாதாரண அமெரிக்கர்களைத் தனிமையில் வரைந்த நவீன ஓவியர் ஒருவரின் கண்காட்சி. அக்கா ஓடாத குறை! எங்களை ஓர் ஓவியத்தின் முன் இழுத்து நிறுத்தினார். கோப்பிக் கடையில் தொப்பியணிந்த ஒரு பெண், கையில் கோப்பை, எதிரே வெறுங்கதிரை.

"பாவம், ஆருமில்லை," என்றார் அண்ணை.

"எதிர்க் கதிரையில ஆரையாவது இருத்திக் கீறியிருக்கலாம்," என்றேன் நானும்.

அக்காவின் கண்கள் பளபளத்தன. "ஏன் பாவம்? அவ வேலை முடிஞ்சு வந்து சூடாக் குடிக்கிறா. ஒருத்தரும் கேள்வி கேக்கேல்லை. தம்பி, எட்டுப் பேர் இருந்த வீட்டில வளந்து, இஞ்ச வந்து ஆறு பேரோட ஒரு அறையில கிடந்து, அம்பது வயசிலதான் எனக்கு இப்பிடி ஒரு மேசை கிடைச்சது. அதைப் பறியாதை!"

அண்ணை ஓவியத்துப் பெண்ணைத் திரும்பவும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த கவுன்சில் கடிதத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "வீட்டை நீங்களே வைச்சிருங்கோ." அதன் பின்பக்கத்தில் அக்கா கடைச் சாமான் பட்டியல் எழுதியதைப் பின்னர் நானே கண்டேன்! அன்று ஆற்றங்கரையில் நாங்கள் ஐஸ்கிரீம் குடித்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அதன்பிறகு, "வரட்டோ?" என்று போனில் கேட்டுவிட்டுத்தான் போவேன். "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை," என்பார் பல நாள்.

நேற்று இறுதி மரியாதைக்கு ஊரே திரண்டு சவப்பெட்டியைச் சூழ்ந்து நின்றது. அண்ணை எழுந்தார். "எல்லாரும் வெளியில வாங்கோ. அக்கா கொஞ்ச நேரம் தனிய இருக்கட்டும்."

முணுமுணுத்தபடி வெளியேறினோம். கடைசியாக வந்தவள் நான். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருந்தது. சுற்றிவரக் கதிரைகளெல்லாம் வெறுமையாய் இருந்தன.

இனிக் கதவைத் தட்டமாட்டன் அக்கா. ஆறுதலா இருங்கோ.