பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே

என் மனைவிக்குப் பயப்பட ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைக்காத நாளில், ஏன் கிடைக்கவில்லை என்று பயப்படுவாள். லிஃப்டுக்குப் பயம், பல்லிக்குப் பயம், தலைமை ஆசிரியர் கனைத்தால் பயம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள். நான் பிளம்பர். குழாய் சொட்டும் சத்தம் கேட்டால்கூட, "என்னங்க, சுவர் இடிஞ்சி விழுந்துடுமா?" என்பாள். இப்படிப்பட்டவளைத்தான், வாசிக்க வராத பிள்ளைகளை எல்லாம் ஒரே அறையில் போட்டு, கரையேற்று என்று விட்டிருந்தார்கள்.

அந்த அறை பள்ளியின் கடைசியில் இருந்தது. முன்பு பந்துகளும் வலைகளும் போட்டு வைத்த இடம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லா அளவிலும் பிள்ளைகள். ஒருத்திக்குக் காது மந்தம், ஒருவனுக்கு வீட்டில் வேறு மொழி, சிலருக்கு எழுத்தைக் கண்டாலே மூளை கதவைச் சாத்திக்கொள்ளும். இவள் சிறுமியாக இருந்தபோது வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் பாவாடை நனைந்துவிடுமாம். அதனால் இவள் அறையில் யாரும் எழுந்து நின்று வாசிக்கக் கூடாது. அதுதான் முதல் சட்டம்.

ஒருநாள் என் கருவிப் பையைக் கிளறி இரண்டு எல்போவை எடுத்தாள். எல்போ என்றால் குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைந்த துண்டு. "இது ரெண்டையும் சேத்து ஒட்டித் தாங்க, டெலிபோன் மாதிரி" என்றாள். ஒரு முனை காதில், ஒரு முனை வாயில். மெல்ல முணுமுணுத்தால் போதும், நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்கும், பக்கத்தில் இருப்பவனுக்குச் சரியாகக் கேட்காது. தப்பாக வாசித்தாலும் சிரிக்க ஆள் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். கிருமிக்குப் பயந்து முதல் செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு முறுக்கு முறுக்காக வளைத்துவிட்டாள். திட்டிக்கொண்டே மறுபடியும் செய்தேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் ரேடியோ. பத்து வயது. வாய் ஓயாது. தலைமை ஆசிரியரின் கனைப்பு, பஸ் கண்டக்டரின் விசில், என் மனைவியின் "ஐயோ" என எதையும் ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பித் தருவாள். அம்மா கிடையாது. அப்பா சலூன் வைத்திருந்தார். பள்ளி விட்டதும் சலூனின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே ஊர்க்கதை எல்லாம் அவருக்குச் சொல்வாள். அந்த மனிதருக்கு உலகமே அவள்தான்.

ஒருநாள் தலைமை ஆசிரியர் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார். அதிகாரி வருகிறார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். வராத பிள்ளைகளைத் தூரத்தில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வரலாம். சலூன்காரர் எழுந்து நின்று ஒன்றும் கேட்காமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார் என்று இவள் வந்து சொன்னாள்.

ஆனால் ரேடியோவைப் பற்றி இவளுக்குக் கவலை இல்லை. வகுப்புப் புத்தகத்தை அவள் தண்ணீர் பட்ட பாடாக வாசித்துக்கொண்டிருந்தாள். "தேறிட்டாங்க அவ" என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள் இவள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத சந்தோஷம். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பக்கத்த திருப்பறதுக்கு முன்னாடியே அடுத்த பக்கத்து வரிய சொல்லிட்டாங்க அவ."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். ரேடியோ வாசித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தின் கடைசி வரி முடிந்தது. விரல் தாளைப் பிடித்தபடியே நின்றது. வாய் மட்டும் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு சிறிய ஓட்டை வெட்டிய அட்டை ஒன்று இவளிடம் உண்டு, ஒரு சமயத்தில் ஒரு சொல் மட்டும் தெரிவதற்கு. அதைப் பக்கத்தின் மேல் வைத்து, ஏதோ ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். ரேடியோவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" என்று எழுந்து ஓடிவிட்டாள்.

பக்கத்தில் உட்காரும் பெண் குழாயில் முணுமுணுப்பதைக் காதைத் தீட்டிக் கேட்டே புத்தகம் முழுவதையும் ரேடியோ மனப்பாடம் செய்திருக்கிறாள். சிரிப்பிலிருந்து காப்பாற்ற இவள் கொடுத்த குழாய்தான் அவளை இவளிடமிருந்தும் மறைத்துவிட்டது. வாய் அசைகிறது, தாள் புரளுகிறது, இவள் நம்பிவிட்டாள்.

"திரும்பி வந்ததும் ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். 'எழுத்த பாத்தா பயமா இருக்கு டீச்சர். அப்பா நான் படிக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு'ங்கறா."

அதிகாரி வருவதற்குள் இருந்த நாட்களில் இவள் அவளுக்கு முதலிலிருந்து தொடங்கினாள். ரேடியோவுக்குக் காதுதான் பலம் என்பதால் காதிலிருந்தே பிடித்தாள். சொல்லைக் கைதட்டித் துண்டாக்குவது. ஒவ்வொரு துண்டின் ஓசையையும் சொல்லிக்கொண்டே, தட்டில் பரப்பிய மணலில் விரலால் அந்த எழுத்தைப் போடுவது. பிறகு அட்டையின் ஓட்டையில் அதைத் தேடிப் பிடிப்பது. மெதுவாகத்தான் போனது. ஒரு நாளில் இரண்டு எழுத்து நின்றால் பெரிய விஷயம். நாலு எழுத்து நின்றால் மறுநாள் மூன்று காணாமல் போகும்.

இதற்குள் தலைமை ஆசிரியர், அதிகாரி வகுப்புப் புத்தகத்திலிருந்தே கேட்பார் என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

"அப்பறம் என்ன? அதுதான் அவளுக்குத் தலைகீழா தெரியுமே. நீ வாய மூடிட்டு இரு" என்றேன்.

"பாஸாயிட்டா பெரிய வகுப்புல கொண்டு போய் உக்கார வெச்சிடுவாங்க. அங்க யாரும் அவளுக்கு எழுத்து சொல்லித் தர மாட்டாங்க. ஆயுசு முழுக்க இப்படியே ஒளிஞ்சிக்கிட்டே இருப்பா."

"தோத்தா அப்பன்கிட்டருந்து பிரிச்சி அனுப்பிடுவாங்க. அது பரவாயில்லையா?"

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து. என் மனைவியின் பயங்களை எல்லாம் கேலி செய்தே காலம் தள்ளியவன் நான். இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு நாக்கு எழவில்லை.

அதிகாரி வந்த அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "வெளிய பெஞ்சில உக்காந்திருங்க, போதும்" என்றாள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் சலூன்காரர். வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார், சட்டையில் யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே நடப்பது எல்லாம் கேட்டது.

ரேடியோவின் முறை வந்தது. வகுப்புப் புத்தகம்தான். கணீரென்று எடுத்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கி, செய்தி வாசிப்பதுபோல ஒரு பக்கம்.

"அருமையா படிக்கிறாளே! இவள ஏன் இந்த வகுப்புல வெச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி அம்மாள்.

சலூன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் மூச்சு விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது என் மனைவியின் குரல் கேட்டது. தந்தி அடிக்கும் குரல்.

"மேடம்... அவ படிக்கல. மனப்பாடமா சொல்றா. வேற... வேற புத்தகம் குடுங்க."

என் கையிலிருந்த சலூன்காரரின் கை நழுவியது. எனக்கு அவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. ஒரு எறும்புக்குப் பயப்படுகிறவளுக்கு இந்த நேரத்தில்தானா துணிச்சல் வர வேண்டும்? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ரேடியோ அவளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. தான் ஒளிந்திருந்த இடத்தை, தான் நம்பிய டீச்சரே காட்டிக் கொடுத்துவிட்டாளே என்ற பார்வை அது.

அதிகாரி வேறொரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். ரேடியோ குனிந்தாள். விரல் முதல் எழுத்திலேயே நின்றது. தலைமை ஆசிரியர் கனைத்தார். அதை என் மனைவி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ரேடியோவின் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள்.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு. ஒரே ஒரு வரி. எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கோ."

ரேடியோவின் ஒரு கை மேசைக்கு அடியில் மெல்லத் தட்டத் தொடங்கியது. மறு கையின் விரல் எழுத்தின் மேல் ஊர்ந்தது.

"ஆ... டு. ஆடு. சு... வ... சுவர். சுவர் மே... மேல். ஏ... ஏ..." அங்கே நின்றுவிட்டாள். சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏறி... ஏறியது."

கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆடு எப்படி டீச்சர் சுவர் மேல ஏறும்?" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "இப்போதைக்கு இவ இந்த அறையிலயே இருக்கட்டும். அடுத்த பருவம் நானே வருவேன். அப்ப ஒரு பக்கம் முழுசா வேணும்" என்றார். கருணையா கண்டிப்பா என்று சொல்ல முடியாத குரல். கத்தி தலைக்கு மேல்தான் தொங்குகிறது, கொஞ்சம் தள்ளித் தொங்குகிறது, அவ்வளவுதான்.

என் மனைவியும் ரேடியோவும் வெளியே வந்தார்கள். சலூன்காரர் எழுந்தார். கோபப்படத் தெரியாத மனிதர்.

"நல்லாத்தான போயிட்டிருந்துச்சு டீச்சர்? அந்தம்மாவே அருமைன்னாங்க. நீங்க ஏன் டீச்சர் சொன்னீங்க? இன்னும் நாலு மாசம் நான் எப்படித் தூங்குவேன்?"

ரேடியோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, முதல்ல சொன்னது எல்லாம் பொய்ப்பா. ஆடு மட்டும்தான் நான் படிச்சேன்."

"எந்த ஆடும்மா?"

"வா, காட்டறேன்" என்று அவர் கையைப் பிடித்து, அதிகாரி இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், அந்தப் புத்தகம் இருந்த மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.