ஷார்ஜா தேவாலயத்தில் ஒரு லில்லி சன்னல்

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், மகளின் கல்யாண கவுனில் பழைய தேவாலயச் சன்னல்களில் இருப்பது போன்ற லில்லிப்பூ வேண்டும் என்றார். துபாய் சத்வாவில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கும் எனக்கு மல்லிகையும் மாங்காய் டிசைனும்தான் கைவந்தவை. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்பினேன்.

காலை 7.40க்கு அல் குபைபாவில் பஸ், 12 திர்ஹம். இறங்கியபின் டாக்ஸிக்கு 17. மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நெரிசலில் போய்ச் சேர 9.05 ஆகிவிட்டது. தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு என்றுதான் நினைப்பீர்கள். மணல்நிறச் சுவர், ஒரு சன்னல்கூடக் கிடையாது. இடம் சரிதானா என்று இரண்டு முறை கேட்டு டாக்ஸிக்காரரைக் கடுப்பேற்றினேன்.

வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் தயங்கி நின்றார். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுப் பக்கத்தில் வந்தார்.

"பாய், நம்மளயெல்லாம் உள்ள விடுவாங்களா?"

"தொப்பி போட்ட என்னைய விட்டா ஒங்களையும் விடுவாங்க, வாங்க."

பெயர் முருகேசன், புதுக்கோட்டைப் பக்கம். தொழில்பேட்டை கேம்பில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன். இங்கே வண்ணக் கண்ணாடிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் எரியும் டியூப்லைட்தான் சன்னலுக்கு வெயில். ஆறு வருஷமாக அவற்றை மாற்றுவது இவர்தான்.

"பின்கதவு, ஏணி, கரண்ட ஆஃப் பண்ணி மாட்டு, கலாஸ், வேல முடிஞ்சுது. எரியறப்ப முன்பக்கத்துலேர்ந்து பாத்ததே இல்ல பாய். செவ்வாக்கெழம ஊருக்கே போறேன். இன்னிக்கு விட்டா அப்புறம் இல்ல. பத்து மணிக்கு டூட்டி வண்டி வேற."

உள்ளே விக்டோரியா காலத்துப் பாணியில் கூர் வளைவுகள், தூணெல்லாம் பொன் இலைகள். இடப்பக்கம் ஆறு சன்னல்கள், ஆர்ட் நூவோ பாணியில் கொடிகள் சுழன்று சுழன்று ஏறுகின்றன. முருகேசன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்காவது சன்னலில் லில்லியோடு மாதா. அங்கே நின்றவர் முகம் மாறியது.

"இவுங்க முகம் மட்டும் ஏன் நீலம் பாஞ்சு கெடக்கு? நான் செஞ்சதுதான் பாய். ஸ்டோர்ல மஞ்ச டியூப் மாஃபி, இல்லன்னான், வெள்ளைய மாட்டிட்டேன். இத்தன மாசமா இப்படியா பாத்தாங்க?"

மணி 9.31. பொறுப்பாளரிடம் சாவியும் ஒரு மஞ்சள் டியூபும் வாங்கிக்கொண்டு ஓடினார். சன்னல் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக எரிந்தது. பூவுக்குள் உயிர் வந்தது, மாதாவின் முகம் கனிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"பாய், இப்ப எப்புடி?"

"அழகா இருக்கு முருகேசு. சீக்கிரம் வந்து பாருங்க."

அதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது. பின்கதவைப் பூட்டி, சாவியைக் கொடுத்து, முன்பக்கம் வராமல் அங்கிருந்தே வண்டி ஏறிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. எம்பிராய்டரிக்காரனும் பின்பக்கத்து முடிச்சோடு மல்லுக்கட்டுகிறவன்தான். ஆனால் துணியை என்னால் திருப்பிப் பார்த்துக்கொள்ள முடியும்.

போகிறவர்களுக்கு: இரண்டு ஆராதனைகளுக்கு நடுவில் போனால் கூட்டம் இருக்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் அவருக்கு அனுப்பவும் என்னிடம் ஒன்றும் இல்லை. நான்காவது சன்னலுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவருக்கும் சேர்த்துப் பாருங்கள்.