பூத் கம்ப்யூட்டர் பேசிய நாள்

தொண்ணூறுகளின் நடுவில், ஏற்காட்டில் கோடை சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம் நடந்தது இது. அப்போது நான் சேலத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத்களில் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்களுக்குக் குமட்டல் வரும் என்பதால் ஏற்காடு எப்போதும் என் தலையில்தான் விழும்.

அங்கே ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு மளிகைக் கடை, அதன் ஓரத்தில் பலகை அடித்துத் தடுத்த ஒரு பூத். கடையைத் தம்பி நடத்தினார், பூத்தை அவருடைய அக்கா நடத்தினார். அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அந்த வருடம் திரையில் இருக்கும் எண்கள் அடியோடு தெரியாமல் போய்விட்டன. மற்ற எல்லாம் அவருக்குக் கைவசம். விரலால் தடவி நம்பர் போடுவார், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். பேசி முடித்ததும் திரையில் வரும் தொகையை மட்டும் வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் தம்பி கடையை விட்டு ஓடி வருவார்.

சீசனில் இது நடக்காது. அதனால் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். பூத்தில் தம்பி உட்காருவது, கடைக்கு ஓர் ஆள் போடுவது, அக்காவைச் சேலத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. இந்த மூன்றில் எதைப் பற்றியும் அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

“என்னையக் கொண்டுபோய் ஒரு ஊட்டுல சும்மா உக்கார வெக்கப் போறாங்க கண்ணு. கண்ணுதான் போச்சு, காது நொம்ப நல்லா இருக்குது. இந்தப் பொட்டி வாயைத் தொறந்து தொகையைச் சொல்லாதா?” என்று என்னிடம் கேட்டார்.

சொல்லும் என்றேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

பில் போடும் புரோகிராம் மிகப் பழையது. கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் ஒரே புரோகிராம் ஓடி, முழு இயந்திரத்தையும் தன் சொத்தாக நினைத்துக்கொண்ட காலத்தில் எழுதப்பட்டது. அதை மாற்ற முடியாது, ஏனென்றால் அதை எழுதிய வரிகள், அதாவது மூல நிரல், யாரிடமும் இல்லை. ஆனால் அது ஓடும்போதே, அதன் திரையைப் பார்த்து எண்ணை வாசிக்கும் இன்னொரு புரோகிராமும் ஓட வேண்டும். அந்தக் காலத்துப் புதிய பிராசஸர்களில் இதற்கு வழி இருந்தது. பழைய புரோகிராமுக்காக மட்டும் பிராசஸர் பழைய முறைக்கு மாறி, பழைய இயந்திரம்போல நடிக்கும். அப்படி மாறுவதையும் திரும்புவதையும் மேற்பார்வை செய்வது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். மூல நிரலோடு இலவசமாக சிடியில் கிடைத்த ஓர் இயங்குதளத்தை நான் அந்த கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

எண்களைத் தம்பியின் குரலில் பதிவு செய்தோம். அவர் வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு “பூஜ்யம்” என்று ஆரம்பித்ததும் அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்னையத் திட்டறப்ப இந்தக் கொரலை எங்கடா வெச்சிருந்தே?”

எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. அழைப்பு முடிகிற கணத்தில், நான்கு முறைக்கு ஒரு முறையாவது கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. எந்தக் கணத்தில் அது பேச வேண்டுமோ, அதே கணத்தில்.

கெர்னலில் இந்த மாறுதலைக் கவனிக்கும் பகுதியை அச்செடுத்துக்கொண்டு சனிக்கிழமை மலையேறினேன். திங்கட்கிழமை அக்காவைக் கூட்டிப்போக சேலத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். ஒரு புரோகிராமை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும்போது, முதல் புரோகிராமின் கையில் இருந்த மதிப்புகளை கெர்னல் பத்திரப்படுத்தி வைக்கும். பழைய முறை புரோகிராமுக்கு மட்டும் இதற்குத் தனி இடம், உள்ளே போகத் தனி வழி, வெளியே வரச் சில தனி வழிகள் என்று எழுதியிருந்தார்கள். எங்கோ பழைய மதிப்பு தவறான கைக்குப் போகிறது என்பது தெரிந்தது. அதற்கு முன் சில நாட்களாக நான் செய்தது என்னவென்றால், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இன்னொரு நகல் எடுத்து வைத்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது.

“ஏனுங்க மேடம், நீங்க வந்ததுல இருந்து பொட்டி நொம்ப நிம்மதியாத் தூங்குதுங்க” என்றார் தம்பி, சர்க்கரை பொட்டலம் மடித்துக்கொண்டே.

தலை கனத்தது. கடையின் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், மூடுபனியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சுற்றி வந்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு முன்வாசல் வழியாகத் திரும்பினேன். பூத்தில் அக்கா, மூட்டை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான். காத்திருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“எத்தனை நேரமா வெறும் மூட்டைகிட்டப் பேச வெச்சே? நீ முன்வாசல்ல வந்தே, உள்ளே இருக்கறேன்னு மனசுல வெச்சிருந்தேன். சொல்லாமப் பின்னாடி போயிட்டா, உள்ளே ஆரு இருக்கா, ஆரு இல்லேன்னு நான் எப்படிக் கண்டேன்? போறதுன்னா என்னையத் தாண்டிப் போ, சாமி.”

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். மன்னிப்புக் கேட்டேன், கூச்சமாக இருந்தது. மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்து தாளை எடுத்தபோது, வெளியே வரும் வழிகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்தேன். போனோடு இணைத்த மீட்டர் கருவி ‘அழைப்பு முடிந்தது’ என்று சைகை கொடுக்கும்போது, பழைய புரோகிராம் வெளியேறும் வழி ஒன்று தனியாக இருந்தது. அந்த வழியில் மட்டும், அது வெளியேறிவிட்டது என்பதை எங்குமே குறிக்கவில்லை. பழைய முறையில்தான் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கெர்னல் அதன் மதிப்புகளை, அடுத்து வந்த பேசும் புரோகிராமுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் நான் காவலை அதிகப்படுத்தியிருந்தேனே தவிர வழிகளைக் குறைக்கவில்லை. என் நகல்கள் எல்லாவற்றையும் அழித்தேன். தனி வழிகளையும் எடுத்தேன். எல்லாப் புரோகிராம்களும் திரும்பும் சாதாரணப் பாதையிலேயே பழைய முறைப் புரோகிராமும் திரும்பட்டும், அந்த இடத்தில் ‘நீ பழைய முறையில் இருந்தாயா’ என்று ஒரே ஒரு கேள்வி, ஆம் என்றால் மதிப்புகளை மாற்றிக்கொடு. அவ்வளவுதான். எழுதியதைவிட அழித்தது அதிகம். கெர்னலை மறுபடி உருவாக்க அந்த கம்ப்யூட்டர் மதியம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. இடையில் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று மூவரும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா நிமிடத்துக்கு ஒரு முறை “எரியுதா?” என்று கேட்டார்.

முதலில் எங்கள் அலுவலகத்துக்குப் பேசிப் பேசி வைத்தேன். ஒருமுறைகூட உறையவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் மாரமங்கலத்திலிருந்து ஓர் எஸ்டேட் தொழிலாளி அம்மா, திருப்பூரில் வேலை பார்க்கும் மகளிடம் பேச வந்தார். காய்ச்சல் சரியாகிவிட்டதா, கஞ்சி குடித்தாயா என்று நெடுநேரம் பேசினார். ரிசீவரை வைத்தார். திரை மாறியது. சத்தம் இல்லை. அக்காவின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

பிறகு ஒலிபெருக்கியிலிருந்து தம்பியின் குரல், செய்தி வாசிக்கும் அதே தோரணையில், தொகையைச் சொன்னது.

“ஏனுங்க, உள்ளார ஆரோ ஆம்பளை உக்காந்திருக்காரா?” என்று அந்த அம்மா பின்வாங்கினார்.

“என்ற தம்பிதானுங்க. பொட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். இனி கூப்பிடாமலே வருவான்” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னார்.

நிஜத் தம்பி கடை வாசலில் நின்று, இன்னும் இரண்டு அழைப்புகள் முடிவதைக் கேட்டார். தன் குரலையே தலைசாய்த்துக் கேட்டுவிட்டு, “நாந்தான் அங்க இருக்கறேனே, அப்புறம் எதுக்குங்க இன்னொரு தடவை அங்க வந்து உக்காரறது? நான் கடையிலயே நிக்கறேன்” என்றார். அன்றைக்கே சேலத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த அழைப்பின் தொகையையும் அவர் குரலே சொன்னது. அந்த சீசன் முழுவதும் அக்காதான் பூத்தில் உட்கார்ந்தார்.

சில வாரங்கள் கழித்து, நான் செய்த மாற்றத்தை அந்தக் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் அதைப் படித்து, ஒரு வரியைத் திருத்தி, ஏற்றுக்கொண்டு பதில் போட்டார். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: இந்தப் பழைய முறையை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா, இல்லையென்றால் மொத்தமாக எடுத்துவிடலாமா? மலைமேல் ஒரு பூத்தில் ஒருவர் இருக்கிறார் என்று எழுதினேன். அப்படியானால் இருக்கட்டும் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அதன் பிறகு எத்தனையோ பழைய வசதிகளை எடுத்துவிடும் கூட்டங்களில் உட்கார்ந்துவிட்டேன், நானே பலவற்றை எடுத்தும் இருக்கிறேன். ஆனால், அதை நம்பி எங்காவது ஒருவர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று விசாரிக்காமல் இன்றுவரை ஒருமுறைகூட நான் சரி என்று தலையாட்டியதில்லை.