திரும்பி வரும்போது டவர் இல்லை

மாமிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் அவரை டயாலிஸிஸுக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது என் வேலையாகிவிட்டது. மாமி என்றால் என் கணவரின் உம்மா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மச்சான் சவூதியில், தம்மாமில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். கணவரை மச்சான் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் அப்படியொன்றும் தூரமில்லை. வாடகைக் கார் கிடைப்பதுதான் பெரும்பாடு. கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றினால் ராமேஸ்வரம் வரை சவாரி உண்டு. அமாவாசை வந்துவிட்டால் எங்களுக்கு எந்த வண்டியும் வராது. டயாலிஸிஸ் முடிந்து துவண்டு கிடந்த மாமியை ஒருநாள் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிவந்தேன். அதைக் கேட்டதும் மச்சான் பழைய கார் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். நாற்பதை நெருங்கும் வயதில் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன்.

கார் ஓட்டப் படித்தது கஷ்டமாக இல்லை. ஓட்டும்போது போன் வருவதுதான் கஷ்டம். உம்மாவிடம் பேசாமல் மச்சானுக்கு இருப்புக்கொள்ளாது. காலையில் நாங்கள் கிளம்பும் நேரத்துக்கு அங்கே பஜ்ர் தொழுதுவிட்டு அறைக்கு வந்திருப்பார். உடனே வீடியோ கால். மாமியால் போனைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஊசி குத்திக் குத்திக் கை கனத்துப்போயிருந்தது. காதை மட்டும் காட்டுவார், இல்லையென்றால் கார் கூரையைக் காட்டுவார். "உம்மா முகத்தக் காட்டு புள்ள" என்று மச்சான் என்னிடம் சொல்வார். நான் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாக ஓட்டுவேன்.

ஒருநாள் எதிரே வந்த மீன் வண்டி உரசுவதுபோலப் போனது. அதைத் திரையில் அவரும் பார்த்துவிட்டார். ஒரு வாரம் கழித்துச் சொன்னார்: "காருல இருக்கிற ஸ்டீரியோவ எடுத்துருவோம். அந்த இடத்துல ஒரு டேப்லெட்ட மாட்டிட்டா நான் உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே உக்காந்துருப்பேன். நீ கையால தொட வேணாம்."

மாமிக்கு இது விளங்கவில்லை. ஸ்டீரியோவை எங்கள் வீட்டில் டேப் என்றுதான் சொல்வோம். "டேப்ப எடுத்துட்டு டேப்பு மாட்டப் போறானாமா?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். மாமியும் சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

லீவில் வந்த மச்சானுடைய கூட்டாளி ஒருவர் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். டேப்லெட், அதை உட்காரவைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம், சின்ன ஆம்ப்ளிஃபயர், சார்ஜ் ஏற்றும் கருவி, ஒரு கட்டு ஒயர். ராமநாதபுரத்தில் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை. வீடியோவெல்லாம் பார்த்துவிட்டாராம். தன் கையால் செய்கிற மாதிரி செய்யவேண்டும் என்று அவருக்கு ஆசை. கை மட்டும் என்னுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், வாசலில் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, போனை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்துவிட்டு ஆரம்பித்தோம்.

"பிஸ்மி சொல்லி அந்த ஓரத்துல தகட்ட விட்டு நெம்பு."

நெம்பினேன். அசையவில்லை.

"பயப்படாம நெம்பு. உள்ள கிளிப்புதான் இருக்கு."

பயப்படாமல் நெம்பியதில் கிளிப் ஒன்று உடைந்து எங்கேயோ உள்ளே விழுந்தது. "பரவால்ல" என்றார், அவருடைய கை நோகாததால். பிறகு நாலு ஸ்க்ரூ. ஸ்டீரியோவைப் பிடித்து இழுத்ததும் பின்னால் தொங்கிய ஒயர்களோடு அது என் மடிக்கு வந்தது. இரும்புச் சட்டத்தின் ஓரம் கிழித்து விரலில் ரத்தம். துப்பட்டியில் துடைத்துக்கொண்டேன். அவர் போனுக்கு நெருங்கி வந்து, "எந்த ஒயர் மஞ்சள், எந்த ஒயர் சிவப்பு, காட்டு" என்றார். நிழலில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. டார்ச் அடித்துக் காட்டினேன். "அது, அது, அதுல குடு." கொடுத்தேன்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் டேப்லெட்டில் வெளிச்சம் வந்தது. ஸ்பீக்கரில் அவர் குரல் கார் முழுக்கக் கேட்டது. "கேக்குதா? உம்மாவக் கூப்புடு, உம்மாவக் கூப்புடு!" மாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். ஸ்டீரியோ இருந்த இடத்தில் மகன் முகம். மாமி கையைத் திரையில் வைத்துத் தடவினார். விரல் எங்கேயோ பட்டு வீடியோ கால் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டோம்.

மறுநாள் காலை டயாலிஸிஸ். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவியை எடுத்தால் கரண்ட் நின்றுவிடுகிற சிவப்பு ஒயரில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் ஓடுகிற மஞ்சள் ஒயரில் நாங்கள் கொடுத்திருந்தோம். ராத்திரி முழுக்க டேப்லெட்டும் ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியைக் குடித்துவிட்டன. மச்சானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனும் இறால் கம்பெனிக்குப் போகிற இரண்டு பேரும் தெருமுனை வரை தள்ளினார்கள். மாமி உள்ளே உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். வண்டி ஒருவழியாக உயிர்பெற்றபோது எங்களுக்கு ஒதுக்கிய நேரம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் கெஞ்சி மத்தியானம் ஒரு படுக்கை வாங்கினேன். காத்திருந்த நேரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஒயரைச் சரிசெய்துகொண்டேன். மச்சானிடம் சொன்னபோது, "நான் சிவப்புன்னுதானே சொன்னேன்" என்றார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அவர் எங்களோடு வந்தார். போகும்போது நன்றாகத்தான் இருக்கும். மாமிக்கு அப்போது கொஞ்சம் தெளிவு இருக்கும். யார் வீட்டில் நிக்காஹ், யார் வெளிநாட்டுச் சபர் முடிந்து வந்திருக்கிறார், கடலுக்குப் போனவர்களுக்கு நண்டு பட்டதா என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். இடையில் என்னிடமும் இரண்டு வார்த்தை: "மெதுவாப் போ. ஹாரன் அடி. அந்த லாரிய விடு." நான் லாரியை விட்டுவிட்டுத்தான் போய்க்கொண்டிருப்பேன்.

திரும்பி வரும்போதுதான் முடியாது. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வரும்போது மாமியின் உடம்பில் ஒன்றும் இருக்காது. கால் இழுக்கும், குமட்டும், கண்ணைத் திறக்கப் பிடிக்காது. அப்போது குடோனில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேனேஜருக்குத் தெரியாமல் மச்சான் கூப்பிடுவார். "உம்மா, எப்படிம்மா இருக்கு?" மாமி உடனே நிமிர்ந்து உட்காருவார். முக்காட்டைச் சரிசெய்வார். "நல்லாருக்கேன் வாப்பா. அல்ஹம்துலில்லாஹ்." மகனைத்தான் வாப்பா என்பார், செல்லமாக.

"தண்ணி குடிச்சியாம்மா?"

மாமிக்குத் தண்ணீர் அளவோடுதான். ஒரு டம்ளர் தண்ணீரைக் காலையிலிருந்து எண்ணி எண்ணிக் குடிக்கிறவர். எத்தனை தடவை சொன்னாலும் மச்சானுக்கு அது மனதில் நிற்காது. வெயிலில் அலைந்து வந்தவர்களிடம் கேட்கிற மாதிரி தண்ணி குடிச்சியா என்பார். "குடிச்சேன் வாப்பா" என்று வறண்ட உதட்டோடு சொல்வார் மாமி. பேசி முடிந்ததும் அப்படியே கதவில் சாய்ந்துவிடுவார். மெஷினைவிட இது அவரை அதிகமாகக் களைக்கவைத்தது என்று எனக்குத் தோன்றும். யாரிடம் சொல்ல? பிள்ளை பேச ஆசைப்படுகிறான், தாய் பேசுகிறாள். நடுவில் நான் யார்?

ஒருநாள், டவுனைத் தாண்டிக் கருவேலங்காடு ஆரம்பிக்கிற இடத்தில், கால் வந்தது. திரையில் அவர் பெயர். நான் பச்சைப் பொத்தானைத் தொடுவதற்குள் மாமி தன் துப்பட்டியின் நுனியை எடுத்து டேப்லெட்டின் மேல் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் மாமியைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"டவர் இல்லேன்னு சொல்லு புள்ள."

"சரி மாமி."

மணி நின்றது. கரி மூட்டம் போடுகிற இடத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். அன்று இரவு மச்சானிடம் சொன்னேன், அந்த ரோட்டில் டவர் கிடைப்பதில்லை என்று. "காலையில கிடைக்குதே" என்றார். "காலையில கிடைக்கும். மத்தியானம் கிடைக்காது" என்றேன். குடோன் ஸ்டோர் கீப்பர் அதை எப்படி நம்பினாரோ. அல்லது நம்பவில்லையோ. மத்தியானக் கால் குறைந்தது. வந்தாலும் துப்பட்டி நுனி தயாராக இருந்தது.

ரமலான் முடிந்து அவர் லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாளே, "இன்னைக்கு நான் ஓட்டுறேன். நீ பின்னாடி உம்மாவோட உக்காரு" என்றார். எனக்கு அந்தக் காரின் பின் சீட்டு எப்படியிருக்கும் என்பதே அன்றுதான் தெரிந்தது. போகும்போது உம்மாவும் மகனும் கலகலவென்று வந்தார்கள். அவர் மாட்டச் சொன்ன டேப்லெட்டில் அவரே குர்ஆன் கிராஅத் போட்டுவிட்டு, சட்டம் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருப்பதாகக் குறை சொன்னார்.

திரும்பும்போது மாமி என் தோளில் சாய்ந்தார். வாய் திறந்திருந்தது. பாதி வழியில் குமட்டலில் முழித்து என் கையைப் பிடித்தார். நான் எப்போதும் கதவில் செருகிவைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினேன். மச்சான் பதறி வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி வந்து கதவைத் திறந்து, "உம்மா, உம்மா" என்றார். மாமி மகனைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார், ஒன்றுமில்லை போ என்பதுபோல. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உம்மாவின் வாயருகே கொண்டுபோனார். நான் தடுத்தேன். "நனைச்சுத் துடைச்சா போதும் மச்சான். குடிக்கக்கூடாது."

துடைத்துவிட்டோம். மாமி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அப்போது மச்சானின் சட்டைப் பையில் போன் அடித்தது. தம்மாமிலிருந்து கூட்டாளி. அந்தக் கருவேலங்காட்டு நடுவில் நின்று சலாம் சொல்லி, தெளிவாக நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். பிறகு போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கன டவர் நல்லாத்தானே கிடைக்குது."

"கிடைக்கும்" என்றேன்.

"உம்மாவா சொல்லச் சொன்னுச்சு?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"போன்ல நல்லாப் பேசுமே."

"உங்களுக்காகப் பேசும். பேசிட்டு இப்படித்தான் கிடக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

அவர் காரைச் சுற்றிப்போய் ரோட்டோரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு விருப்பமுமில்லை. பிறகு வந்து ஓட்டினார். வாசலில் மாமியைக் கையில் ஏந்தித் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். சாயங்காலம் பின் சீட்டைத் தானே கழுவினார்.

லீவு முடியும்வரை எல்லா டயாலிஸிஸுக்கும் அவர்தான் கூட்டிப்போனார். நான் வரவேண்டாம் என்றார். அந்த நாட்களில் அவர்கள் வண்டி தெரு தாண்டியதும் நான் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவேன். துணி ஊறிக்கிடக்கும், மீன் ஆயாமல் கிடக்கும், நான் தூங்குவேன். அப்படியொரு தூக்கம் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வாய்த்ததில்லை. ஒருநாள் திரும்பிவந்து எழுப்பியவர், "இவ்வளவு அசதியா புள்ள ஒனக்கு" என்று கேட்டார். நான் எழுந்து முகம் கழுவப் போனேன்.

விசா இருக்கிறது, மகளின் படிப்பு இருக்கிறது, போகாமல் முடியாது. கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இனி மத்தியானம் நான் கூப்பிடல. சாயங்காலம், உம்மா எந்திரிச்ச பிறகு, நீயா ஒரு மிஸ்டு கால் குடு. பேசுறேன்." சொன்னபடியே நடந்துகொள்கிறார். மாமியும் சாயங்காலம் கட்டிலில் படுத்தபடியே பேசுகிறார், முக்காட்டைச் சரிசெய்யாமல். போன மாதம் ஒருநாள், "முடியல வாப்பா" என்று மகனிடம் முதல் தடவையாகச் சொன்னார். மச்சான் "ம்" என்றார். அவர்கள் அதன்பிறகு பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

டேப்லெட் இந்தக் கோடையைத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்ற காருக்குள் சூடு அதிகம் என்று எழுத்துக் காட்டிவிட்டு அணைந்துபோகும். பிறகு அதன் வயிறு உப்பிக் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. வெடித்துவிடும் என்று ஒர்க்ஷாப்பில் பயமுறுத்தியதும் கழற்றச் சொல்லிவிட்டேன். வேறு ஒன்று அனுப்பட்டுமா என்று மச்சான் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

நாளைக்கு மறுபடி போகவேண்டும். அமாவாசை வேறு. கடல் பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கும், சீக்கிரமாகக் கிளம்பினால்தான் ரோட்டைப் பிடிக்கலாம். மாமி இப்போதே மாற்றுத் துணியை எடுத்து மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுவிட்டார். "பெட்ரோல் இருக்கா புள்ள?" என்று உள்ளேயிருந்து கேட்கிறார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாசல் லைட்டை அணைக்கப் போகிறேன்.