மூன்றாம் கியரில் ஏறும் மேம்பாலம்

சாவியைத் திருகுவதற்கு முன் சகீலா பெட்ரோல் டேங்கில் காதை வைத்து பைக்கை இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தளும்பும் சத்தத்தை வைத்தே களமசேரி போய்வரத் தாங்குமா என்று சொல்லிவிடுவார். பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. கிலோமீட்டர் எண்கள் மட்டும் ஓடுகின்றன. அவையும் லட்சத்தைத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பி, இப்போது இருபத்திரண்டாயிரத்தில் நிற்கின்றன. "புது வண்டிதான், இருவத்திரெண்டே ஓடியிருக்கு" என்று பெட்ரோல் பங்கில் கேட்கிறவர்களிடம் சிரிக்காமல் சொல்வார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறார். நாற்பத்துநான்கு வயது. நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். வண்டி கணவர் தாவூதுடையது. அதைப் பழையதாக வாங்கி, பதினோரு வருடம் கடைகடையாகத் தேயிலைத்தூள் போட்டவர். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோன பிறகு பின்சீட்டுக்கு மாறினார். வாரம் மூன்று நாள் களமசேரியில் டயாலிசிஸ். பஸ்ஸில் அவரால் ஏற முடியாது, ஆட்டோ கட்டுப்படியாகாது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியிராத சகீலா மூன்று மாதத்தில் லைசென்ஸ் எடுத்தார்.

போன வருடம் ஏப்ரலில் வைட்டிலா மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முதல் கியரிலும் நகரவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. தாவூதை இறக்கி ஓரக்கல்லில் உட்காரவைத்துவிட்டு, சகீலா வண்டியை உச்சிவரை தள்ளினார். பிறகு திரும்பி வந்து கணவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் அடுத்தவருக்கு மெஷின் கொடுக்கும் நேரம் மாறாது. நான்கு மணி நேரம் ஓட வேண்டியது இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த இரண்டு நாள் தாவூதின் முகமும் காலும் வீங்கி, படுக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார்.

மூன்றாம் நாள் சகீலா சுள்ளிக்கல்லில் தங்கப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றார். "வண்டி வலிக்கல சேட்டா" என்றார். இழுக்கவில்லை என்பதற்கு இந்த ஊர்த் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்.

தங்கப்பன் கிக்கரை மிதித்துக் கேட்டுவிட்டு, "சிலிண்டர் போர் தேஞ்சு போச்சு இத்தா. எஞ்சினைப் பிரிச்சு பிஸ்டன் மாத்தணும்" என்றார். இத்தா என்றால் அக்கா.

"ஒரு வாரம் வண்டி இங்க நின்னா அவரு எப்படிப் போறது? பிரிக்காம என்னெல்லாம் செய்யலாம், அதச் சொல்லுங்க."

"காத்து இழுக்குற இடம், செயினு, பிரேக்கு, டயரு, எல்லாம் எஞ்சினோட வலுவக் கொஞ்சங் கொஞ்சமா தின்னுது. தின்னுறத நிறுத்துனா கொஞ்சம் கிட்டும்."

அந்தக் 'கொஞ்ச'த்தைப் பிடித்துக்கொண்டார் சகீலா. ஏர் ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசித் துணிக்கொடியில் நைட்டிகளுக்கு நடுவே காயப்போட்டார். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் ஊசித் துளைகளில் ஊதி ஊதி, உதட்டோரம் பெட்ரோல் பட்டுப் புண்ணாக்கிக்கொண்டார். உரசிக்கொண்டிருந்த பின் பிரேக்கைத் தளர்த்தினார். எல்லாம் போனில் மலையாள வீடியோ பார்த்துக் கற்றவை. தையல் மெஷின் இழுப்பறையில் பாபினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பக்கத்தில் ஸ்பேனர்கள் கிடந்தன. பக்கத்து வீட்டு ஷபானா, "இத்தா தச்ச நைட்டியில கிரீஸ் மணக்குதே" என்றால், "அதுக்குத் தனி ரேட்டு" என்பார்.

ஜூலையில் வண்டி இரண்டாம் கியரில் மேம்பாலம் ஏறியது. அக்டோபரில் மூன்றாம் கியரில். அன்று திரும்பி வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்து என் மனைவியிடம் சொன்னார். தாவூதுக்குப் பெருமை தாங்கவில்லை. பேச்சு மூச்சிரைக்கும். ஆனாலும் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்புட்டு பேரு கைவிட்ட வண்டி. இவ கை பட்டு செறுப்பமாயிடுச்சு" என்பார். இளமையாகிவிட்டதாம்.

டிசம்பரில் என் ஸ்கூட்டர் பஞ்சருக்காக நான் சுள்ளிக்கல்லில் இருந்தபோது, சகீலா ஆயில் மாற்ற வந்தார். மேம்பாலக் கதையைக் கேட்ட தங்கப்பன் நம்பாமல் சிரித்தார். "பிஸ்டன் தொடாம தேர்டுலயா? ஒரு ரவுண்டு போவோம்" என்று பின்சீட்டில் ஏறினார். கனத்த உடம்பு. இருவரும் தோப்பும்படி பாலம் வரை போனார்கள்.

திரும்பி வரும்போது சகீலா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தங்கப்பன் பக்கத்தில் நடந்து வந்தார்.

"பாதியில நின்னுடுச்சு" என்றார் சகீலா என்னைப் பார்த்து. "நேத்து தேர்டுல ஏறுன வண்டி. இவரு ஏறுனதும் செகண்டுலகூட வரல."

தங்கப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "தாவூதிக்கா இப்ப எத்தர கிலோ இத்தா?"

"நாப்பத்தொம்போது."

"ஏப்ரல்ல நீங்க முதல்ல இங்க வந்தப்ப?"

"எழுபத்தொண்ணு."

சொன்ன பிறகுதான் அந்த இரண்டு எண்களும் சகீலாவின் காதில் விழுந்தன போலிருந்தது. அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாதது.

"வாரம் மூணு வாட்டி அவர எடை மெஷின்ல ஏத்தி நிறுத்துறது நாந்தான். நம்பரெல்லாம் தெரியும் சேட்டா. பாலம் ஏறுனது வண்டியாலன்னு நெனச்சிட்டேன்."

"பிஸ்டன் நான் போட்டுத் தர்றேன். ராத்திரியும் இருந்து ரெண்டே நாள்ல முடிக்கிறேன். காசு பின்ன பாத்துக்கலாம்."

"வேண்டாம்" என்றார் சகீலா. "அவருக்கு இது போதும்."

மறுநாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு நான் பால் வாங்க இறங்கியபோது, தாவூது ஸ்வெட்டரும் குல்லாவுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நேத்து சர்வீசு ஆச்சு. இன்னிக்கி ஃபோர்த்துலயே ஏறும், பாருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரோடுதான் மோசம். ஒவ்வொரு குழியும் எலும்புல வந்து இடிக்குது" என்றார்.

சகீலா பின்சக்கரத்தருகே மண்டியிட்டிருந்தார். பின்பக்க ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம் உண்டு. ஐந்து படி. பாரம் ஏற்றினால் இறுக்கிவைப்பார்கள், பாரம் குறைந்தால் குலுக்கல் தெரியாமலிருக்கத் தளர்த்துவார்கள். வாங்கிய நாளிலிருந்து அது கடைசிப் படி இறுக்கத்திலேயே இருந்தது. கொக்கி ஸ்பேனரை மாட்டி இரண்டு பக்கமும் ஒரு படி இறக்கினார். பிறகு இன்னொரு படி.

"அங்க என்னடி பண்ணுற?" என்றார் தாவூது.

"சேறு ஒட்டியிருக்கு மச்சான். தொடைக்கிறேன்."

எழுந்து, உள்ளங்கையைப் பின்சீட்டில் ஊன்றி லேசாக அழுத்திப் பார்த்தார். சீட்டு தாழவில்லை. மறுபடி மண்டியிட்டு, மிச்சமிருந்த இரண்டு படிகளையும் இறக்கினார்.