சம்பந்தியம்மா தொடாமல் வைத்துப் போன காப்பி

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. வளர்த்தது ஐந்து பேர். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது, என் மூத்த மகள் காய்ச்சலில் போனபோது விட்டுச் சென்ற பெண் குழந்தை. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். எழுதக் கை வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல அந்தப் பேத்திதான் எழுதுகிறாள். பாதிக் கதை அவளுடையதுதான்.

அவளைப் பக்கத்து ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையனுக்குக் கோவில்பட்டியில் நூல் மில்லில் வேலை. பார்த்தோம், பிடித்திருந்தது. பூ வைக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோது ஒருநாள் பையனின் அம்மா தனியாக வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். வாய் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“அத்தை, மறைச்சு வச்சுக் கல்யாணம் பண்ணுனா நல்லாருக்காது. மில்லுல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. எம்மவனுக்கு ஈரல்ல கொழுப்பு இருக்காம். உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்காவ. ஒங்க காதுல போட்டுட்டுப் போவோம்னு வந்தேன்.”

ஈரல் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவர் போனது ஈரலால். கண் மஞ்சளாகி, கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கி, குடித்தே போனார். அன்றைக்கே சொல்லிவிட்டேன், குடிக்கிற வீட்டுக்கு என் பிள்ளை ஒன்றுகூடப் போகாது என்று. இரண்டு மகள்களுக்கும் அப்படித்தான் விசாரித்து விசாரித்துக் கொடுத்தேன்.

“பையன் குடிப்பானோ?” என்று கேட்டேன்.

“சத்தியமாத் தொட மாட்டான்.”

“எல்லாத் தாயும் இதத்தான் சொல்லுவா. எங்க மாமியாரும் இதத்தான் சொன்னா.”

அவள் எழுந்துவிட்டாள். “உள்ளதச் சொல்ல வந்த எனக்கு இது வேணும். நாங்க பொண்ணு கெடைக்காம ஒண்ணும் கெடக்கல” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பேத்தியிடம் சொன்னேன். “ஒங்க இஷ்டம் ஆச்சி” என்றாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் தையல் மிஷின் ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். அதுதான் பின்னால் வினையாக வந்தது.

கொஞ்ச நாளில் எனக்கு மேல்வயிற்றில் ஒரு வலி. கல்லாக இருக்கும் என்று பேத்தி ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா சின்னப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, “கல் எதுவும் இல்ல பாட்டி. வலி வாயுதான். ஆனா ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு” என்றாள்.

“ஆள் மாத்திப் பாத்திருப்பீங்க தாயி. நான் அந்த வாடையே ஆகாதவ.”

“குடிச்சாத்தான் வரணும்னு இல்ல பாட்டி. ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கு. இடுப்பச் சுத்திச் சதை போட்டிருக்கு. சோறு, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம்னு உள்ள போகுது. ஒடம்பு அதச் செலவழிக்கல. மிஞ்சினத ஈரல் வாங்கி வச்சுக்குது.”

காட்டில் பருத்தி எடுத்த காலத்தில் ஒரு சட்டிக் கம்பங்கூழ் குடித்தாலும் வெயில் சாய்வதற்குள் அது வேர்வையாகப் போய்விடும். இப்போது மகன்கள் அனுப்புகிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை நின்றுவிட்டது, தட்டில் சோறு குறையவில்லை. அது போக, இடுப்பில் சுருக்குப்பை. அதில் வெற்றிலை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே கடலை மிட்டாய். சர்க்கரை மாத்திரையையும் தலை சுற்றுகிற நாளில் மட்டும்தான் போட்டேன்.

“வலிக்கவே இல்லையே, விட்டுட்டா என்ன?” என்றேன்.

“வலிக்காது, அதான் வம்பு. எல்லாருக்கும் முத்தாது. ஆனா கவனிக்காம விட்டா சில பேருக்கு ஈரல்ல தழும்பு விழுந்து இறுகிப்போகும். அப்புறம் குடிச்சவங்களுக்கு வர்ற மாதிரியே வயித்துல தண்ணி கோத்துக்கும். இப்பவே உடம்பைக் குறைச்சா ஈரல் தேறிக்கும்.” கீழாநெல்லி அரைத்துக் குடிக்கட்டுமா என்று கேட்டேன். கேட்காமல் எந்தப் பச்சிலையும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

டவுன் பஸ்ஸில் பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பியபடி, “இப்ப அந்த வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லுவா ஆச்சி?” என்றாள்.

“நான்தான் போவேன். வேற யாரு போவா?” என்றேன்.

மறுநாள் காலையில் போனேன். பையனின் அம்மா உட்காரச் சொன்னாள். காப்பி என்று வாயெடுக்கவில்லை. ஸ்கேன் தாளைக் கட்டிலில் வைத்தேன்.

“எனக்கும் அதேதான். கொழுப்பு.”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப நீங்களும் குடிக்கீங்களோ அத்தை? எந்தக் கடையில?”

எனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பையன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நின்றான். தோள்பையில் ஒரு பெரிய பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவசரமாக வெளியே எடுத்தான்.

“சாராயம் இல்ல ஆச்சி, கலர் சோடா. தூக்கம் வராம இருக்கக் குடிக்கது. விடிகாலையில ரெண்டு புரோட்டா.”

“அதான்யா ஒங்க சாராயம். டாக்டர் ஒங்ககிட்டச் சொல்லலையா?”

“சொன்னாரு. விட முடியல.”

“பொண்ணு வேணும்னா பாட்டிலக் கீழ வைங்க.”

அவன் வைத்தான். வைத்துவிட்டு என் இடுப்பைப் பார்த்தான். “அந்தப் பையில என்ன ஆச்சி?” என்றான். பேத்தி சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குள் பேச்சு நின்றிருந்ததாக அல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! பையை அவிழ்த்துப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கொட்டினேன். அவன் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். வந்தபோது இரண்டு தம்ளர் காப்பி, சீனி இல்லாமல். கஷாயம் தோற்றது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவளும் குடித்தாள்.

வருகிற தை மாதம் கல்யாணம். அவனும் நானும் ஒன்றாகப் போய் ரத்தம் பார்ப்பது என்று பேச்சு. நாளைக்குத்தான் அந்த நாள். அவன் இளைத்திருக்கிறான். நான் சாயங்காலம் கண்மாய்க் கரை வரை நடக்கிறேன், மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். தேறியிருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அவனைவிட நான் குறைவாகத் தேறியதாகக் காட்டிவிட்டால் என் பெருமைக்கு என்ன ஆகிறது என்பதுதான் கவலை.

போதும். ஏட்டி, மொதல்ல இருந்து வாசி. ‘எல்லாத் தாயும் இதத்தான் சொல்லுவா’ன்னு நான் சொன்னதை எழுதியிருக்கியா, என் மானம் போயிரும்னு விட்டுட்டியா? விட்டிருந்தா எழுதிட்டு வாசி.