நுன்சியா வெட்டித் தந்த சாவி

எங்கள் ஊரில் பாதிக் கதவுகளின் சாவி நுன்சியா வெட்டியது. சதுக்கத்தில் என் ரொட்டிக் கடைக்கு அடுத்தது அவள் கடை. பூட்டு, ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் விற்பாள். ஆனாலும் அவள் பெருமையெல்லாம் சாவியில்தான். தன் சாவி எந்தப் பூட்டிலும் சிக்கியதில்லை என்பாள். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

பிப்ரவரியில் மரிலேனா அவளிடம் புதுப் பூட்டு வாங்கினாள். புருஷன் சவேரியோ அடிக்கிறான், வெளியே அனுப்பிவிட்டேன் என்று சொல்லியேதான் வாங்கினாள். மூன்று வாரம் கழித்து சவேரியோ ஒரு சாவியோடு வந்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றான். மகனின் பள்ளிப் பையிலிருந்து எடுத்ததாம், பிறகு போலீஸ் சொன்னது. தான் விற்ற பூட்டின் சாவி என்று நுன்சியாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் கடையில் ஆட்கள் இருந்தார்கள். இத்தாலியின் தெற்குக் கோடியில், எங்கள் கலாப்ரியப் பக்கத்தில், ஒரு ஆம்பிளையை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டு அவமானப்படுத்த மாட்டோம். நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வெட்டிக் கொடுத்தாள். மறுநாள் மரிலேனா தன் சமையலறையில் செத்துக் கிடந்தாள்.

ஞாயிறன்று பெண்கள் ஊர்வலம் போனோம். இப்படி ஒருத்தி கொல்லப்படும்போதெல்லாம் மௌனமாக நின்று நின்று அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் வீட்டுச் சாவிக்கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்குகிறோம். நுன்சியா மட்டும் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னடி, கை வலிக்குதா?" என்று கிண்டல் செய்தேன். பாவி, எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மரிலேனாவின் அம்மா வித்தோரியா அங்கே நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அவனுக்குச் சாவி வெட்டிக் குடுத்தது நான்தான். அவ பூட்டோடதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். கடையில ஆளுங்க இருந்தாங்க. எப்படிக் கேக்கறதுன்னு..."

வித்தோரியா சாவி குலுக்கிய கையை இறக்கினாள். அறையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"கேட்டிருந்தா அவனுக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்திருக்கும். அவ்வளவுதானே, நுன்சியா?" என்றாள். பிறகு நடந்தாள்.

நுன்சியா கடையை மூடவில்லை. யார் வந்தாலும் எந்த வீட்டுச் சாவி, யாருக்கு என்று கேட்கிறாள். கோபித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. போகட்டும்.

போன வாரம் நான் ஒரு சாவியோடு போனேன். முப்பது வருஷமாகப் பக்கத்துக் கடைக்காரி நான்.

"எந்தக் கதவுக்கு?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகு எந்தக் கதவு என்று சொன்னேன்.